கைப்புண்ணுக்குக் கண்ணாடி

லென்ஸ் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் யுவராஜ் எடுத்த எடுப்பில் ஒன்றைத்தான் கேட்பான். "படத்த யாரு பாக்கப் போறாங்க?" பெண் பார்க்கும் படம் என்றால் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸை எடுத்துக் கொடுப்பான். அது மூக்கை அடக்கி, தாடையை உருட்டி, பின்னால் கிடக்கும் பாத்திரக் குவியலைக் கரைத்துவிடும். வாடகைக்குப் பிடித்த மண்டபம் எத்தனை பெரிதென்று ஊருக்குக் காட்ட ஆசைப்படும் மாமனாருக்கு இருபத்துநான்கு. நகைக்கடைக்காரருக்கு, கல்லுக்குக் கிட்டப் போய் எடுக்கும் மேக்ரோ. யாருக்கு எது வேண்டும் என்பது அவரவர் பொய்யைப் பொறுத்தது என்று அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. கொள்கையை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் அவன் கடை. அன்று காலை வந்த இரண்டு பெண்களில் மூத்தவரை அவனுக்குத் தெரியும். வக்கீல் நஸ்ரின். தொழிலாளர் வழக்குகளாகப் பார்த்து எடுத்து, பெரும்பாலும் தோற்று, முகம் வாடாமல் அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறவர். கூட வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். துப்பட்டாவைக் கழுத்தில் தளரச் சுற்றி, தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, மோவாயைத் தாழ்த்தி நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று யுவராஜ் நினைத்தான்.

"யாரு பாக்கப் போறாங்க மேடம்?"

"தொழிற்காயத் தீர்ப்பாயம்" என்றார் நஸ்ரின். "இவ வர்ஷினி. துப்பட்டாவ எடும்மா."

வர்ஷினி எடுத்தாள். இடது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தை வழித்துக்கொண்டு தோள்பட்டை வரைக்கும் தோல் சிவந்து, சில இடங்களில் வெளுத்து, கயிறு கயிறாகத் திரண்டிருந்தது. அந்தக் கயிறுகள்தான் தலையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தன. யுவராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு தான் அப்படிப் பார்த்துவிட்டதற்காக அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒளிர்நிறம் ப்ராசஸிங் சாயப்பட்டறைல தொட்டி மூடி தெறிச்சிருச்சுங்ணா" என்றாள் அவள். "காரத்தண்ணி. கொதிக்கக் கொதிக்க."

தொழிற்சாலை அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது. தொழிற்சாலையில் பட்ட காயம் என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால்தான் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுவார்கள். எழுதாவிட்டால் தோல் மேலும் இறுகும், மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வெட்டினாலும் பெரிய பயன் இருக்காது என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். வர்ஷினி தன் செல்போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். 'காயம் காணப்படவில்லை' என்று பதில் வந்தது.

"அதாங்ணா எனக்குப் புரியல. நேர்ல இருக்குது. படத்துல இல்ல."

யுவராஜ் ஒரு கேமராவை எடுத்து, எண்பத்தைந்தைப் பொருத்தி, அவளை நோக்கிப் பிடித்தான். "இதுல கண்ண வெச்சுப் பாருங்க மேடம்" என்று நஸ்ரினிடம் கொடுத்தான். நஸ்ரின் பார்த்தார். திரைக்குள் வர்ஷினி சற்றே சிவப்பேறிய கன்னங்களோடு, மாசுமருவற்ற கழுத்தோடு, தலை நிமிர்ந்து நின்றாள்.

"இன்னும் பட்டனே அமுக்கலையே" என்றார் நஸ்ரின்.

"அமுக்க வேண்டியதில்ல மேடம். அந்தக் காலத்துல கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருந்துச்சாம். லென்ஸ்ல வர்ற வெளிச்சம் அதுல பட்டு நேரா நம்ம கண்ணுக்கு வரும். இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராவுல அது கெடையாது. உள்ள இருக்கறது ஒரு குட்டித் திரை. எதிர்ல நிக்கறவங்களப் பத்தி கேமரா என்ன நெனைக்குதோ, அதத்தான் நாம பாக்கறோம்."

"அது ஏன் இப்பிடி நெனைக்குது?"

"எந்த லென்ஸ்லயும் கோணல் இருக்கும். நேர்க்கோடு வளையும், ஓரம் இருட்டடிக்கும். கண்ணாடிய ஒழுங்கா செதுக்குனா செலவு. அதனால செல்போனு, கேமரா எல்லாத்துலயும் லென்ஸுக்குள்ளயே ஒரு கம்ப்யூட்டர் சில்ல வெச்சு, படத்தத் திருத்திக் குடுத்தாங்க. அதுவரைக்கும் தப்பில்ல. ஆனா வாங்கறதெல்லாம் கல்யாண வீடு. பருவ எடு, தழும்ப எடு, கூன் போட்டு நின்னா நிமித்துன்னு கேட்டுக் கேட்டு, தோலுன்னா இப்பிடித்தான் இருக்கணும்னு சில்லுக்கு ஒரு நெனப்பு வந்துருச்சு. அந்த நெனப்புக்குள்ள இவங்க கழுத்து வராது."

"அத அமத்தி வெக்க முடியாதுங்களாண்ணா?" என்றாள் வர்ஷினி.

முடியாது. அதற்குக் காரணம் நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு சட்டம். சில வருடங்களுக்கு முன் போலிப் படங்கள் ஊரைத் தூக்கிச் சாப்பிட்டன. சாகாதவர்களுக்குச் சாவுப் படம் வந்தது, போகாத ஊரில் திருடியதாக ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அப்போதுதான் சான்று லென்ஸ் வந்தது. இன்ன லென்ஸ், இன்ன இடம், இன்ன நேரம், இதற்குப்பின் யாரும் தொடவில்லை என்று ஒவ்வொரு படத்திலும் லென்ஸே கையொப்பம் போடும். அந்தக் கையொப்பமுள்ள படம் பொய் சொல்லாது என்பது சட்டம். ஒரே ஒரு சிக்கல், சில்லு முதலில் திருத்தும், பிறகு கையொப்பமிடும். அதற்குள் கைவைத்தால் யுவராஜின் உரிமம் பறிபோகும், படமும் செல்லாது.

"கூட வேல பாத்தவங்க நாலு பேரு பாத்தாங்கண்ணா" என்றாள் வர்ஷினி. "சொல்றதுக்கும் தயாரா இருக்காங்க."

"படம் இருக்கற எடத்துல வாய்ச்சாட்சி எடுபடாதும்மா" என்றார் நஸ்ரின். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேட்ட ஊரு இது. இப்பக் கண்ணாடில தெரியலைன்னா புண்ணே இல்லைங்கறாங்க. விசாரணையும் வீடியோவுலதான். அங்கயும் இவ ராஜாத்தி மாதிரி நிக்கறா."

"மருத்துவ லென்ஸ்னு ஒண்ணு இருக்குதே மேடம். அது தோல்ல கை வெக்காது."

"கோயமுத்தூர்ல இருக்கு. வரிசைல பேரு குடுத்தேன். தை மாசம் வரச் சொல்றாங்க."

யுவராஜ் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்தான். இரும்பு உடம்பு, சில்லு கிடையாது, கையால் வளையத்தைத் திருகித்தான் தெளிவு வைக்க வேண்டும். கேமராவோடு பேசத் தெரியாததால் தொழிலில் அதற்கு ஊமை லென்ஸ் என்று பெயர். பொருத்தியதும் கேமரா 'லென்ஸ் இல்லை' என்று ஒருமுறை புலம்பிவிட்டு, வேறு வழியில்லாமல் காட்சியைக் காட்டியது. யுவராஜ் படமெடுத்து வர்ஷினியிடம் நீட்டினான். காயம் அப்படியே இருந்தது, ஒவ்வொரு கயிறும், ஒவ்வொரு வெளுப்பும்.

வர்ஷினி அதைப் பார்த்துச் சிரித்தாள். தன் புண்ணைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட்டதை யுவராஜ் அன்றுதான் கண்டான். "இதுதாங்ணா நானு. இதயே குடுத்தரலாம்."

"இதுல கையெழுத்து இல்லைங்க."

வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். பார்க்கிற லென்ஸுக்கு வாய் இல்லை, வாய் உள்ள லென்ஸுக்குப் பார்வை இல்லை. நஸ்ரின் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் அப்போதே போயிருந்தால் வர்ஷினி இன்றும் வெறும் நோயாளியாகத்தான் இருப்பாள். ஆனால் யுவராஜால் ஒரு காட்சியை எடுக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. கல்யாண மண்டபங்களின் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுத்த மாப்பிள்ளையையும் வெளுத்த பெண்ணையும் ஒரே படத்தில் சேர்த்தவன் அவன். அவன் பார்வை நகைக்கடை மேக்ரோவில் போய் நின்றது.

"மேடம், ஒரு நிமிசம். இதுவும் சான்று லென்ஸ்தான். நகைக்கடைக்காரங்க கல்லுக்குச் சான்று கேப்பாங்கல்ல, அதுக்காகச் செஞ்சது. ரொம்பக் கிட்டப் போயிட்டா இதுக்கு எதிர்ல இருக்கறது மனுசனா, மோதிரமான்னு தெரியாது. தெரியாததத் திருத்தாது."

வர்ஷினியை ஜன்னலோரம் உட்காரவைத்தான். லென்ஸைக் கழுத்துக்கு ஒரு சாண் தூரம் கொண்டுபோனான். திரைக்குள் காயம் இருந்தது. மலைத்தொடரை மேலிருந்து பார்ப்பதுபோல் மேடும் பள்ளமுமாக, அசையாமல். பட்டனை அழுத்தினான். ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. கையொப்பம் விழுந்துவிட்டது.

நஸ்ரின் கைப்பையைக் கழற்றி மறுபடி மேசையில் வைத்தார். "விழுந்துருச்சா? நெஜமாவா?" பிறகு வக்கீலாக மாறினார். "ஆனா இது யாரு கழுத்துன்னு கேப்பாங்களே யுவராஜ். முகம் வேணும்."

"முகம் தெரியற தூரம் போனா மனுசின்னு கண்டுபிடிச்சிருமே மேடம்."

இங்கேதான் அவனுக்குத் தொழில் கைகொடுத்தது. கல்யாண ஆல்பத்தில் தாலி முடிச்சில் ஆரம்பித்து முகத்தில் முடிப்பது வழக்கம். முடிச்சின் மஞ்சளுக்குள் கண்ணைப் பதித்து, அங்கிருந்து விட்டுப்போகாமல் பின்வாங்கி, கழுத்து, கன்னம், கண் கலங்கிய சிரிப்பு என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் ஒரு துண்டு இருக்கும். பக்கத்தைப் புரட்டும்போது மாமியார்கள்கூட அழுவார்கள். காயத்தையும் அப்படி எடுத்தால்? புண்ணில் ஆரம்பித்து முகத்தில் முடித்தால், யாருடைய கழுத்து என்று எவனும் கேட்க முடியாது.

எடுத்தான். ஒரு சாண், ஒரு முழம், ஒரு எட்டு. ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளி. காது மடல் படத்தின் சட்டத்துக்குள் வந்தபோதும் காயம் இருந்தது. தாடை வந்தது. மேலும் அரை எட்டு பின்வாங்கினான். உதடு வந்ததும் சில்லுக்கு எதிரில் இருப்பது பெண் என்று தெரிந்துவிட்டது. ஊதி அணைத்ததுபோலக் காயம் போய்விட்டது. கழுத்து வழுவழுவென்று நின்றது.

"போச்சு" என்றான் யுவராஜ்.

"இல்ல" என்றார் நஸ்ரின். அவர் கண்கள் விரிந்திருந்தன. "இதவிட என்ன வேணும்? அதே கழுத்து, அதே காது, ஒரு நிமிசம்கூட எடைவெளி இல்ல. முந்தின படத்துல காயம் இருக்கு, அடுத்த படத்துல இல்ல. ரெண்டுலயும் கையெழுத்து இருக்கு. லென்ஸ் பொய் சொல்லுதுங்கறதுக்கு லென்ஸே சாட்சி. இவளோட கேஸ் மட்டுமில்ல யுவராஜ், இந்த மாதிரி அத்தன கேஸும் தெறந்துக்கும்."

அன்று மூவரும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டார்கள். வர்ஷினிக்கு டம்ளரை அண்ணாந்து குடிக்க முடியாது. ஸ்ட்ரா போட்டு டீ குடித்தாள். ஆப்பரேஷன் முடிந்ததும் முதலில் பண்ணாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்க்கணும் என்றாள். வாடகை எவ்வளவு என்று கேட்டாள். யுவராஜ் பேச்சை மாற்றினான்.

தீர்ப்பாயத்தின் முதல் கட்டத்தில் மனிதர்கள் கிடையாது. படங்களை ஒரு கணினி நிரல் படிக்கும். அது மிக நேர்மையான நிரல். யாரிடமும் கைநீட்டி வாங்காது, யாருக்கும் பயப்படாது. அது இப்படி யோசித்தது: சான்று லென்ஸின் படம் பொய் சொல்லாது. எனவே முதல் படங்களில் காயம் இருந்தது உண்மை. கடைசிப் படங்களில் காயம் இல்லாததும் உண்மை. உண்மையான காயம் ஒரு நிமிடத்தில் ஆறாது. எனவே அது காயமில்லை. பூசியது. ஒப்பனையை இரண்டு படங்களுக்கு நடுவில் துடைத்திருக்கிறார்கள்.

மனு தள்ளுபடி. பொய்ச் சாட்சியம் தயாரித்ததற்காக வர்ஷினி மேல் வழக்கு. படமெடுத்தவர் சாட்சியாக, கேமரா மற்றும் லென்ஸ்களோடு ஆஜராக வேண்டும்.

நஸ்ரின் போனில் இதைப் படித்துக் காட்டியபோது யுவராஜ் நிரலில் எங்கே பிழை என்று தேடினான். பிழையே இல்லை.

"ஒரே ஒரு நல்லது நடந்திருக்கு" என்றார் நஸ்ரின். அவர் தோற்றுப் பழகியவர், கடைசிச் சில்லறையையும் தேடிப் பொறுக்குவார். "மனுதாரருக்குத்தான் வீடியோ. குற்றவாளின்னா நேர்ல நிக்கணும். ஒரு மனுசன் முன்னாடி, வெறும் கண்ணுக்கு முன்னாடி, அவ நிக்கப் போறா."

விசாரணை நாளுக்குள் மழை தொடங்கிவிட்டது. வர்ஷினியின் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இப்போது இரண்டு விரல் நுழையுமளவு இடம்தான் இருந்தது. பேச்சும் கொழகொழத்துவிட்டது. கூண்டில் நின்றவள் எதிரே இருப்பவர்களின் இடுப்பைத்தான் பார்க்க முடிந்தது.

நடுவர் நல்ல மனிதர். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உக்காரும்மா" என்றார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

நஸ்ரின் எழுந்தார். "ஐயா, உங்க கண்ணாலயே பாக்கறீங்க. நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

"பாக்கறேன் மேடம்" என்றார் நடுவர். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆனா என் கண்ண நம்பி நான் தீர்ப்பு எழுதக் கூடாது. அதுக்காகத்தானே இந்தச் சட்டமே வந்துச்சு. கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்னு சொல்லித்தான் எத்தன பேர உள்ள தள்ளினோம்? பதிவுல இவங்க கழுத்து சுத்தமா இருக்கு. இன்னிக்கு மறுபடி பூசிட்டு வந்திருக்கலாம்னு எதிர்த்தரப்பு சொல்றாங்க. நான் அதையும் சும்மா ஏத்துக்கப் போறதில்ல. சோதிச்சுப் பாத்தர்றேன்."

பெண் காவலர் ஒருத்தியை அழைத்து, ஸ்பிரிட்டும் பஞ்சும் வரவழைத்து, கழுத்தைத் துடைக்கச் சொன்னார். அந்தக் காவலருக்கு வர்ஷினியின் வயதுதான் இருக்கும். பஞ்சை நனைத்துக்கொண்டு தயங்கினாள். "ஏனுங்க்கா, எரியுமே" என்று மெதுவாகச் சொன்னாள். வர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். காவலர் துடைத்தாள். வர்ஷினி நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. சத்தம் வரவில்லை. அந்தக் கழுத்துக்குச் சத்தம் போடவும் இடமில்லை.

"வரலைங்கய்யா" என்றாள் காவலர். பஞ்சில் ரத்தம் இருந்தது.

"நீங்க சொன்னாப் போதாதும்மா. துடைச்சதுக்கு அப்புறம் ஒரு படம் வேணும்." நடுவர் யுவராஜைப் பார்த்தார். "நீங்கதான் சான்று பெற்ற புகைப்படக்காரரா? முகமும் கழுத்தும் சேர்ந்து தெரியற மாதிரி எடுங்க."

யுவராஜ் பையைத் திறந்தான். உள்ளே எல்லா லென்ஸும் இருந்தன. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊமை லென்ஸை எடுத்துப் பொருத்தினான். நஸ்ரின் வேண்டாமென்று தலையை ஆட்டியதை அவன் பார்க்காததுபோல இருந்துவிட்டான். படத்தை எடுத்து நடுவரின் மேசைக்குக் கொண்டுபோனான்.

நடுவர் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தில் இருந்ததும் எதிரில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன.

"இதுல கையொப்பம் இல்லையே தம்பி."

"இல்லைங்கய்யா. ஆனா உள்ளத உள்ளபடி காட்டுது. நீங்களே ஒத்துப் பாருங்க."

"'லென்ஸ் இல்லை'ன்னு கேமராவே எழுதியிருக்கு. லென்ஸே இல்லாம எடுத்த படத்த நான் எப்பிடி ஏத்துக்கறது? சொல்லுங்க." கேலியாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் கொடு, எடுத்துக்கொள்கிறேன் என்ற தோரணையில்தான் கேட்டார். "உங்க உரிமத்துல நான் கை வெக்க விரும்பல. ஒழுங்கான லென்ஸப் போட்டு எடுங்க. எடுக்கலைன்னா, துடைக்கவே விடலைன்னுதான் பதிவாகும். அது அவங்களுக்கு இன்னும் மோசம்."

யுவராஜ் திரும்பி வந்து எண்பத்தைந்தைப் பொருத்தினான். காவலர் ரத்தப் பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள். அவன் கண்ணை வைத்தான். பட்டனை அழுத்தினான். பச்சைப் புள்ளி எரிந்தது.

நடுவர் திரையைப் பார்த்தார். ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சுவிட்டார். "போயிருச்சு" என்றார். "துடைத்தபின் நீங்கியது" என்று எழுதச் சொன்னார். அப்புறம் வர்ஷினி பக்கம் அவர் பார்வை போகவில்லை. அடுத்த வழக்கின் காகிதங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

நஸ்ரின் மேல்முறையீடு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரே அதைக் கேட்கவில்லை. காவலர் வர்ஷினியைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். யுவராஜ் ஓரமாக ஒதுங்கி நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

வாசலருகே வர்ஷினி நின்றாள். "அண்ணா, அந்தப் படத்தக் காட்டுங்க."

"வேண்டாம் வர்ஷினி."

"ஒருக்காப் பாத்துக்கறனுங்ணா. வீடியோவுல பாத்தப்பெல்லாம் சரியாப் பாக்கல. கோவத்துல இருந்தேன்."

அவளால் தலையை உயர்த்த முடியவில்லை. யுவராஜ் தரையில் முழங்காலிட்டு, கேமராவை அவள் வயிற்றுக்கு நேரே தாழ்த்திப் பிடித்தான். திரையில் அவள் நேராக நிமிர்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நீளமாக, அழகாக இருந்தது. கண்ணோரத்து நீரைக்கூட லென்ஸ் எடுத்துவிட்டிருந்தது.

வர்ஷினி கோபப்படவில்லை. ஒரு விரலால் திரையில் அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆப்பரேசன் பண்ணியிருந்தா இப்பிடி இருந்திருப்பனுங்ளாண்ணா?"

யுவராஜ் ஆமாம் என்றான்.